இரண்டு சுவிட்சு வைத்த ஸ்பெக்ட்ரம் பிளஸ்: ஒரு மீட்பின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

பல்லடம் பக்கத்தில் ஒரு கிராமம். ஓட்டு வீட்டு அட்டாலியில், சாக்கில் சுற்றி, முப்பது ஆண்டுக்கு மேல் கிடந்த கணினி இது: டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ். பிரிட்டனின் சின்க்ளேர் நிறுவனம் 1982 ஏப்ரலில் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரத்தை வெளியிட்டது. 1984இல் அதே மின்சுற்றுப் பலகையை நல்ல விசைப்பலகையோடு வேறு கூட்டில் வைத்து 'பிளஸ்' என்று விற்றது. அதை உரிமம் பெற்று 1986இல் இந்தியாவில் கொண்டுவந்தது டெசிபெல்ஸ் என்ற நிறுவனம். இசட்80ஏ செயலி, 3.5 மெகாஹெர்ட்ஸ் வேகம், 16 கிலோபைட் ரோம் (மாறாத நினைவகம்), 48 கிலோபைட் ரேம். நம் ஊரில் பலர் முதன்முதலில் விரல் வைத்துப் பழகிய கணினி இதுதான்.

வாங்கியவர் ஒரு நூற்பாலையின் தரக்கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்தவர். 120 கெஜ நூலை எடுத்துக் கிரெய்ன் என்ற சிறு எடைக் கணக்கில் எடை போட்டு, 1000ஐ அந்த எடையால் வகுத்தால் நூலின் கவுண்ட், அதாவது அதன் மென்மையைக் காட்டும் எண், வரும். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை செய்ய வேண்டிய இந்தக் கணக்கையும், அதன் சராசரியையும் ஏற்ற இறக்கத்தையும் வீட்டில் போட்டுப் பார்க்கத்தான் கணினி வாங்கினார். பிறகு அதிலேயே கைவைக்க ஆரம்பித்தார். கூட்டின் வலப்பக்கத்தில் ஓட்டை போட்டு இரண்டு டாகிள் சுவிட்சு வைத்தார். அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன.

வீட்டை ஒழுங்குபடுத்தும்போது கணினியை இறக்கிய மகன், அதன் அடாப்டரைக் காணாமல், பிராட்பேண்ட் பெட்டியின் 12 வோல்ட் அடாப்டரைச் செருகினார். பின் சரியாகப் பொருந்தியது. சிக்கலே அங்குதான். ஸ்பெக்ட்ரத்துக்கு வேண்டியது 9 வோல்ட், 1.4 ஆம்பியர், அதுவும் நடுமுனை நெகடிவ். இன்று வீடுகளில் கிடைக்கும் அடாப்டர்களில் ஏறக்குறைய எல்லாமே நடுமுனை பாசிட்டிவ். "அடாப்டர் லைட்டு விட்டு விட்டு எரிஞ்சுதுங்க. சரின்னு ரெண்டு தடவ போட்டுப் பாத்தனுங்க" என்று மறைக்காமல் சொன்னார். அந்த ஒரு வாக்கியம் பல மணி நேரத் தேடலை மிச்சப்படுத்தியது. லைட்டு விட்டு விட்டு எரிவது, அடாப்டர் ஷார்ட்டைக் கண்டு தானே அணைந்து அணைந்து எழுவதன் அடையாளம்.

கணினி கோவையில் இருவர் கைக்கு வந்தது. ஒருவர் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை நடத்தும் பெரியவர். இன்னொருவர் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்த இளைஞர். ஒப்படைக்கும்போது மகன் கேட்டது ஒன்றே ஒன்று.

"ஏனுங்கண்ணா, அப்பா வெச்ச அந்த சுவிட்ச மட்டும் கழட்டீராதீங்க."

"உங்களக் கேக்காம ஒன்னும் கழட்ட மாட்டமுங்க தம்பி."

திறந்து பார்த்தபோது

மின்சாரம் கொடுக்காமலே திறந்தார்கள். அடிப்பக்கத் திருகுகளை, அடிப்பக்கத்தின் படத்தை ஓர் அட்டையில் வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வைத்தார்கள். மேல்மூடியை வெடுக்கென்று தூக்கக்கூடாது. விசைப்பலகையின் இரண்டு பிளாஸ்டிக் நாடாக்கள் பலகையில் செருகியிருக்கும். வயதான நாடா மடங்கினாலே முறியும்.

உள்ளே பஞ்சுத் தூசி ஒரு மெல்லிய மெத்தை போல் படிந்திருந்தது. இரண்டு பல்லி முட்டைத் தோடு, பின்பக்க இணைப்பு விளிம்பில் பச்சைக் களிம்பு. தூசியை ஊதினால் சாக்கெட்டுகளுக்குள் போய்ச் சேரும் என்பதால், ஓவியத் தூரிகையால் தள்ளி, குழாய் முனையில் வலைத்துணி கட்டிய வேக்குவம் கிளீனரால் இழுத்தார்கள். களிம்பு 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலுக்கு இளகியது.

கணினியை வாங்கியவர் செய்த மாற்றங்கள் மூன்று தெரிந்தன. முதலாவது, படத்தை டிவி அலையாக மாற்றும் மாடுலேட்டருக்குப் போகும் வீடியோ கம்பியைக் கழற்றி நேராக டிவி துளைக்குக் கொடுத்திருந்தார். கம்போசிட் வீடியோ நேரடியாக வெளிவரும். இரண்டாவது, மின்சாரம் நுழையும் தாமிரத் தடத்தை ஜாக்கிற்குப் பக்கத்தில் வெட்டி, இரண்டு கம்பி இழுத்து முதல் சுவிட்சில் சேர்த்திருந்தார். ஸ்பெக்ட்ரத்துக்குப் பிறப்பிலேயே ஆன்-ஆஃப் சுவிட்சு கிடையாது. பிளஸ்ஸில் இருக்கும் பொத்தான் ரீசெட்டுக்கு மட்டும். மூன்றாவதுதான் வியப்பு. ரோம் சில்லின் (சிப்பின்) முதுகில் 27128 ஈப்ரோம், அதாவது நாமே எழுதி அழிக்கக்கூடிய ரோம் சில், ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தது. எல்லாக் கால்களும் காலோடு கால் சால்டர் ஆகியிருக்க, இரண்டின் 20ஆம் கால் மட்டும் வளைத்துத் தூக்கப்பட்டு இரண்டாவது சுவிட்சுக்குப் போயிருந்தது. 20ஆம் கால்தான் சில்லைத் தேர்ந்தெடுக்கும் கால். எந்தப் பக்கம் தட்டுகிறோமோ அந்தச் சில் பேசும்.

ஈப்ரோமின் கண்ணாடி மேல் ஒட்டிய தாள் உதிர்ந்து கிடந்தது. அதில் பேனாவால் ஒரே சொல்: 'தமிழ்'.

முதல் முடிவு: எல்லாவற்றுக்கும் முன் ஈப்ரோம்

அந்தச் சொல்லைப் பார்த்ததும் வேலையின் வரிசையே மாறியது. எரிந்த டிரான்சிஸ்டர் எங்கும் போய்விடாது. இன்றைக்கும் கடையில் கிடைக்கும். ஈப்ரோமில் இருப்பது உலகில் ஒரே பிரதி. ஈப்ரோம் தன் தகவலை மிதக்கும் வாசலில் அடைத்த மின்னேற்றமாக வைத்திருக்கிறது. பல ஆண்டுகளில் அது கசியும். கசியும்போது எழுதப்பட்ட 0 மெல்ல 1 ஆகும். 1 ஒருபோதும் தானாக 0 ஆகாது. இந்த ஒருவழிப் பாதை பின்னால் பெரிதும் உதவியது.

கண்ணாடியைத் திறந்து வைப்பதும் கூடாது. நேர் வெயிலில் ஒரு வாரம் போதும், அழிந்துவிடும். டியூப் லைட்டின் அடியில் தொடர்ந்து வைத்தால் சுமார் மூன்று ஆண்டு. முதலில் அலுமினிய ஃபாயில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். பழைய கோந்தைச் சுரண்டவில்லை.

இந்தப் பலகையில் ரோமுக்குச் சாக்கெட் இருந்ததால் இரட்டைச் சில்லை அப்படியே தூக்க முடிந்தது. இரு முனையிலும் மாறி மாறி, ஒரு மில்லிமீட்டர் அளவில் நெம்ப வேண்டும். படிப்பதில் இரண்டு கவனம். ஒன்று, அடிச்சில்லின் 20ஆம் கால் அந்தரத்தில் தொங்கினால் அதுவும் சேர்ந்து பேசித் தகவலைக் கெடுக்கும். அதை ஒரு கிளிப் கம்பியால் 28ஆம் காலோடு, அதாவது 5 வோல்ட்டோடு, கட்டினார்கள். இரண்டு, ரீடர் மென்பொருளில் சில்லை 'அடையாளம் காணும்' வசதியை அணைத்தார்கள். அது ஏ9 காலில் 12 வோல்ட் கொடுத்துக் கேட்கும். பழைய சில்லுக்கு அந்தச் சோதனை வேண்டாம்.

5.0 வோல்ட்டில் மூன்று முறை படித்தார்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. அதுவே எச்சரிக்கை. ஆனால் ஒப்பிட ஓர் அளவுகோல் கையில் இருந்தது: அடியில் இருந்த அசல் ரோம். அது எஃப்3 ஏஎஃப் 11 என்று சரியாகத் தொடங்கியது. அதன் மூன்று படிப்பும் ஒன்றே. ஈப்ரோமை அதோடு பைட்டுக்குப் பைட் வைத்துப் பார்த்ததில் வேறுபாடுகள் இரண்டு வகையாகப் பிரிந்தன. 16136இலிருந்து 16343 வரையிலான 208 பைட்டுகளில் முழு மாற்றம். மற்ற இடங்களில் சிதறலாக 19 பைட். சிதறிய 19இலும் மாற்றம் ஒரே திசை: 0 இருந்த இடத்தில் 1. கசிவுதான்.

ஸ்பெக்ட்ரத்தின் எழுத்து வடிவங்கள் ரோமில் 15616ஆம் முகவரியில் தொடங்குகின்றன, எழுத்துக்கு 8 பைட். ஆங்கிலச் சின்ன எழுத்துகள் 26க்கும் உரிய இடம்தான் 16136 முதல் 16343 வரை. அங்கே 18 அகர உயிர்மெய்களும், மீதி 8 இடங்களில் துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு, மேல்விலங்கு, புள்ளி முதலிய குறிகளும் தனி 'அ'வும் இருந்தன. 8-க்கு-8 கட்டத்துக்குள் ஒரு 'ண'வை அடக்கிய கை அது. அவ்வளவு சிறிய இடத்தில் மூன்று சுழியும் தெரிகிறது.

கசிந்த புள்ளிகளை மீட்க, வோல்ட்டைக் குறைத்தார்கள். எழுதிய செல்லில் மின்னேற்றம் குறைந்தால் அதன் வாசல் எளிதில் திறந்து 1 போலத் தெரியும். சில்லுக்குக் கொடுக்கும் வோல்ட்டைக் குறைத்தால் வாசலைத் தள்ளும் விசையும் குறையும். பலவீனமான 0 மறுபடி 0 ஆகவே தெரியும். 4.5 வோல்ட்டில் சிதறல் 4 பைட்டாகக் குறைந்தது. 4.2இல் ஒன்றுமில்லை, மூன்று படிப்பும் ஒன்றாகின. 4.0க்குக் கீழே சில் உளற ஆரம்பித்தது. எழுத்துப் பகுதிக்கு வெளியே இருந்த 16,176 பைட்டும் அசலோடு ஒத்துப்போனதால், அதே படிப்பில் கிடைத்த 208 பைட்டையும் நம்பலாம் என்று முடிவு செய்தார்கள்.

பிறகு மகனிடம் கேட்டதில், அட்டாலியிலேயே ஒரு கட்டம் போட்ட கணக்கு நோட்டு கிடைத்தது. ஒவ்வொரு எழுத்தும் எட்டுக்கு எட்டாகப் பென்சிலில் நிரப்பியிருந்தது. 'ங', 'ழ' இரண்டும் மட்டும் படித்ததோடு ஒட்டவில்லை. அடுத்த பக்கத்தில் அந்த இரண்டையும் சிவப்பு மையில் திருத்தி வரைந்திருந்தார். திருத்தியதுதான் ஈப்ரோமில் இருந்தது.

எது இருக்கும், எது போகும்

மாற்றியமைத்த பழைய கணினி கைக்கு வந்தால் பலரும் முதலில் செய்வது, தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திருப்புவது. இங்கே அது தவறான வேலை என்பதில் இருவருக்கும் சந்தேகம் இல்லை. தொழிற்சாலை நிலையில் ஸ்பெக்ட்ரம் உலகெங்கும் கிடைக்கிறது. இது ஒன்றுதான் இருக்கிறது. அதற்காக, செய்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும் என்றும் விட முடியாது. ஒவ்வொரு மாற்றத்தையும் மூன்று கேள்வி கேட்டுப் பார்த்தார்கள்: சூடேற்றுகிறதா? பக்கத்துப் பாகத்தைக் கொல்லக்கூடியதா? வேண்டுமானால் பின்னால் எடுக்க முடியுமா?

வீடியோ கம்பி மூன்றிலும் தேறியது. சால்டர் சுத்தம், மாடுலேட்டரும் கூட்டுக்குள்ளேயே இருந்தது. தொடவில்லை.

மின்சுவிட்சு முதல் கேள்வியிலேயே தோற்றது. தொடுமுனைத் தடை 1.6 ஓம். கணினி 0.9 ஆம்பியர் இழுக்கும்போது அங்கேயே ஒன்றரை வோல்ட் அளவு போய், சுவிட்சு சூடாகும். காண்டாக்ட் கிளீனர் தெளித்து ஐம்பது முறை தட்டியும் 0.7க்குக் கீழே இறங்கவில்லை. புதிது போட்டிருக்கலாம். ஆனால் அது ஆறு கால் சுவிட்சு. கணினியை வாங்கியவர் ஒரு பக்கத்து மூன்று கால்களில் இரண்டை மட்டுமே பயன்படுத்தியிருந்தார். மறுபக்கம் முப்பத்தைந்து ஆண்டாகச் சும்மா இருந்தது. அளந்தால் 0.03 ஓம். கம்பிகளை அந்தப் பக்கத்துக்கு மாற்றினார்கள். சுவிட்சு அதேதான், அதே இடத்தில்.

தலைகீழ் மின்சாரத்துக்குத் தடுப்பும் அதே கம்பியில் அமைந்தது. வெட்டிய தடம் ஏற்கெனவே இருக்கும்போது பலகையில் புதிய வெட்டு எதற்கு? சுவிட்சுக்குப் போகும் கம்பியில் 1என்5822 ஷாட்கி டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம்) ஒன்றைத் தொடராகச் சேர்த்து, ஷ்ரிங்க் குழாய் மாட்டினார்கள். 0.4 வோல்ட் மட்டுமே இழக்கும். பிரிட்ஜ் ரெக்டிஃபையர் போட்டால் எந்த அடாப்டரும் போடலாம் என்ற யோசனை வந்தது. அது ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் விழுங்கும். அதோடு 'எதையும் செருகலாம்' என்ற பழக்கத்தையும் வளர்க்கும். வேண்டாமென்று விட்டார்கள்.

இரட்டைச் சில்லைப் பிரிக்கவில்லை. அப்படியே ஆன்டிஸ்டாட்டிக் கறுப்பு ஃபோமில் குத்தி, பெயரிட்டு வைத்தாயிற்று. அதன் இடத்தில் ஒரே ஒரு 27சி256, இரட்டிப்புக் கொள்ளளவு ஈப்ரோம்: முதல் 16 கிலோபைட்டில் தமிழ், அடுத்த 16இல் அசல். 27ஆம் கால், அதாவது ஏ14 என்ற முகவரிக் கால், சாக்கெட்டில் நுழையாமல் வெளியே வளைத்து இரண்டாவது சுவிட்சுக்கு. அதிலிருந்து 10 கிலோஓம் வழியாக 5 வோல்ட்டுக்கு. சுவிட்சு திறந்திருந்தால் அசல் ரோம், தரையோடு சேர்ந்தால் தமிழ். 1ஆம் காலையும் வளைத்து 28ஆம் காலோடு சேர்க்க வேண்டும். மறந்தால் சில் சரியாகப் படிக்காது. எழுதும்போது சில்லின் முழுப்பெயரைப் பார்த்து வோல்ட் தேர்வு செய்வது முக்கியம். பழைய 27128க்கு 21 வோல்ட், 27128ஏ-க்கு 12.5. மாற்றிக் கொடுத்தால் சில் அங்கேயே முடிந்தது.

மின்சாரப் பகுதி

தலைகீழ் மின்சாரம் தாக்கியது எதிர்பார்த்த இடத்தைத்தான். உள்ளீட்டுக் கெப்பாசிட்டர் ஒன்று வீங்கியிருந்தது. டிஆர்4 டிரான்சிஸ்டரில் கலெக்டரும் எமிட்டரும் ஷார்ட். இந்த டிரான்சிஸ்டர் ஒரு சிறு சுருளோடு சேர்ந்து 9 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டையும், அதிலிருந்து மைனஸ் 5 வோல்ட்டையும் உண்டாக்குகிறது. சுருளை ரீவைண்டிங் பெரியவர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். எனாமல் கருகவில்லை, கருகிய வாடையும் இல்லை. சுற்றும் வேலை மிச்சம்.

டிஆர்4ஐ மட்டும் மாற்றி மின்சாரம் கொடுப்பதுதான் இந்தக் கணினியில் அதிகம் பேர் செய்யும் தவறு. கீழ்நினைவகத்தின் (ரேமின் முதல் 16 கிலோபைட்டின்) எட்டு 4116 சில்களில் ஒன்று ஷார்ட் ஆகியிருந்தால் அது புதிய டிஆர்4ஐயும் கொல்லும். டிஆர்4 போய் மைனஸ் 5 இல்லாமல் மற்ற வோல்ட்டுகள் வந்தால் நல்ல 4116களும் சூடேறிப் போகும். ஒன்றையொன்று தின்னும் வட்டம் இது. ஆகவே முதலில் சில் காலில் தடை அளக்க வேண்டும். 4116இன் மின்சாரக் கால்கள் வழக்கமான 16 கால் லாஜிக் சில்களுக்கு நேர்மாறு: 1ஆம் கால் மைனஸ் 5, 8ஆம் கால் 12, 9ஆம் கால் 5, 16 தரை. இங்கே 1க்கும் 16க்கும் நடுவே 4 ஓம்.

எட்டும் இணையாக இருப்பதால் எது கெட்டது என்று மீட்டர் சொல்லாது. மைனஸ் 5 தடத்தில், சரியான துருவத்தில், 1 வோல்ட்டை 300 மில்லிஆம்பியர் வரம்போடு பெஞ்ச் சப்ளையிலிருந்து கொடுத்து இரண்டு நிமிடம் காத்திருந்தார்கள். ஒரு சில் மட்டும் விரலுக்கு வெதுவெதுத்தது. அதை எடுத்ததும் தடை ஏறிவிட்டது.

எடுக்கும்போது ஒரு கைத்தவறு. 16ஆம் கால் அகலமான தரைத் தாமிரத்தில் இருப்பதால் சூட்டை இழுத்துக்கொள்ளும். ஈயம் முழுக்க உருகும் முன் சில்லை இழுத்ததில் அந்த ஓட்டையின் வளையம் பிய்ந்து வந்தது. 30 கேஜ் வயர்-ராப் கம்பியால் பக்கத்துத் தரையோடு இணைத்துச் சரிசெய்தார்கள். அடுத்த சில்களுக்கு முறையை மாற்றினார்கள்: உடலை ஒட்டிக் கால்களை வெட்டி, சில்லை எடுத்துவிட்டு, ஒவ்வொரு காலாக உருக்கி எடுப்பது. கெட்ட சில்லைக் காப்பாற்ற வேண்டியதில்லை. பலகையைத்தான் காப்பாற்ற வேண்டும்.

டிஆர்4க்கு இசட்டிஎக்ஸ்650 போட்டார்கள். மின்பகு கெப்பாசிட்டர்கள் எல்லாமே மாற்றம். 1, 22, 100 மைக்ரோஃபாரட், ஒவ்வொன்றும் பழையதற்குக் குறையாத வோல்ட் அளவில். பலகையில் அச்சிட்ட பிளஸ் குறியை மட்டும் நம்பாமல், எந்த முனை தரைக்குப் போகிறது என்று தடத்தைத் தொடர்ந்து பார்த்தே வைத்தார்கள். 5 வோல்ட்டாக நிலைப்படுத்தும் 7805 ரெகுலேட்டர் தப்பியிருந்தது. வெளியே எடுத்து 10 ஓம், 5 வாட் சுமை கொடுத்தபோது 4.98 வோல்ட். இதைத் தூக்கிவிட்டு ஸ்விட்சிங் ரெகுலேட்டர் போடுவது இப்போது வழக்கம். சூடு குறையும் என்பது உண்மைதான். இங்கே அதற்குத் தேவை வரவில்லை. நிலைப்படுத்திய 9 வோல்ட் அடாப்டர், டயோடு கழித்து 8.6 வோல்ட், தன் வழியே போகும் 0.7 ஆம்பியரில் 7805 வீணாக்குவது இரண்டரை வாட் மட்டும். அதே இடத்தில் 12 வோல்ட் கொடுத்தால் கிட்டத்தட்ட ஐந்து வாட். ஒரு மணி நேரம் ஓட்டி அளந்தபோது, 34 டிகிரி அறையில் வெப்பத்தகடு 58 டிகிரி. அசல் பாகம் அப்படியே நின்றது.

புதிய சில் வைக்காமல், வெறும் சாக்கெட்டில் அளவு: மைனஸ் 5.1, 11.9, 5.0. அதன் பிறகுதான் 4116 செருகப்பட்டது.

நினைவகமும் ஒரு பொய்ப் பழுதும்

முதல் முறை திரை வந்தபோது எட்டெட்டுப் புள்ளிக்கு ஒரு நெடுங்கோடு. திரையின் தகவல் கீழ்நினைவகத்தில், 16384 முதல் இருக்கிறது. எட்டுச் சில்லும் பைட்டின் ஒவ்வொரு பிட்டைச் சுமப்பதால், ஒன்று போனால் ஒவ்வொரு எட்டாவது புள்ளியும் ஒரே மாதிரி தவறும். ரோம் சாக்கெட்டில் சோதனை நிரலை வைத்து ஓட்டியதில் இன்னும் இரண்டு 4116 கெட்டது என்று வந்தது. ஆக மொத்தம் மூன்று. வாங்கிய பத்துப் பழைய சில்களில் இரண்டு வந்தபோதே செத்திருந்தன. அதிகமாக வாங்குவது நல்லது. 4116களை எடுத்துவிட்டு 5 வோல்ட் மட்டும் கேட்கும் 4164 போட்டால் 12 வோல்ட்டே தேவையில்லை என்று சொல்பவர்கள், வண்ணத்தை உண்டாக்கும் எல்எம்1889 சில்லுக்கும் 12 வோல்ட் வேண்டும் என்பதை விட்டுவிடுகிறார்கள்.

அதற்குப் பிறகும் ஒரு தொல்லை. கணினி தொடங்கியதும் கீழே வரும் உரிமை வரியில் (© 1982 Sinclair Research Ltd) 1982 சரி, பெரிய எழுத்துகளான எஸ், ஆர், எல் சரி, மற்றவை எல்லாம் நொறுங்கிய எழுத்து. இளைஞர் ஒரு மணி நேரம் எழுத்து நினைவகத்தில் பழுது தேடினார். பழுது எதுவும் இல்லை. இரண்டாவது சுவிட்சு தமிழ்ப் பக்கம் இருந்தது. சின்ன எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகள் வரிசையாக நின்றன. சுவிட்சைத் திருப்பி ரீசெட் அழுத்தியதும் வரி சரியானது.

விசைப்பலகை, நாடாக்கள்

விசைப்பலகையில் ஐந்து விசைகள் சேர்ந்து வேலை செய்யவில்லை. ஸ்பெக்ட்ரத்தின் மேட்ரிக்ஸ் எட்டு வரிசை, ஐந்து பத்தி. ஐந்து விசை சேர்ந்து போனால் எட்டுக் கம்பி நாடாவில் ஒன்று. எட்டு விசை சேர்ந்து போனால் ஐந்து கம்பி நாடாவில் ஒன்று. எட்டுக் கம்பி நாடாவின் நுனியில் விரிசல் இருந்தது. நுனியை 5 மில்லிமீட்டர் நேராக வெட்டிச் செருகியதும் ஐந்தும் வந்தன. இது ஒருமுறை செய்யக்கூடியது, நீளம் அவ்வளவுதான். விசைகளுக்கு அடியில் இருக்கும் மெம்பரேன் தாள் புதிதாக ஒன்றும் வாங்கி, பிரிக்காமல் வைத்தார்கள்.

ஒன்பது கேசட்டுகள். இரண்டில் வெள்ளைப் பூஞ்சை. அவற்றை ஓட்டினால் ரெக்கார்டரின் ஹெட்டும் அடுத்த கேசட்டும் கெடும் என்பதால் தனியே வைத்தாயிற்று. மீதி ஏழையும் 44.1 கிலோஹெர்ட்ஸில் கணினிக்குப் பதிவு செய்தார்கள், ஹெட்டின் கோணத்தை ஒவ்வொரு கேசட்டுக்கும் காதால் கேட்டுத் திருகி. தொடக்க ஒலி கூர்மையாகக் கேட்கும் இடம்தான் சரியான கோணம். ஒவ்வொரு பகுதியின் கடைசியிலும் சரிபார்ப்புப் பைட் இருப்பதால் சரியாக வந்ததா என்று பெரும்பாலும் தெரியும். ஆறு முழுதாக வந்தன. கவுண்ட் கணக்கு நிரல் அவற்றில் ஒன்று. 25 கிரெய்ன் கொடுத்தால் 40 என்று திரையில் தமிழில் சொல்கிறது. ஏழாவது கேசட்டில்தான் உகர, ஊகாரக் குறியேறிய சில எழுத்துகள். 26 இடத்தில் அடங்காத அவற்றைப் பயனர் வரையும் 21 எழுத்துகளாக, 65368 முதல் 168 பைட்டில், ஏற்றும்படி செய்திருந்தார். அந்தப் பகுதி சரிபார்ப்பில் தேறவில்லை.

பிறகு நடந்தது

கணினி வீடு திரும்பியது. அட்டாலிக்கு அல்ல. வெயில் நாளில் ஓட்டுக்கு அடியில் ஏறும் சூடு பிளாஸ்டிக்குக்கும் கெப்பாசிட்டருக்கும் ஆகாது. மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே துவைத்த பருத்தித் துணி, 100 கிராம் நிறம் மாறும் சிலிக்கா ஜெல். மெத்தை ஃபோம் போடவில்லை. சில ஆண்டில் பொடிந்து பிசினாக ஒட்டும். வீட்டில் பூச்சிக்கு அந்துருண்டை போடலாமா என்று கேட்டார்கள். கூடாது, அதன் ஆவி சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டுவது, முடிந்ததும் அடாப்டரைச் சுவரிலிருந்து பிடுங்குவது என்று ஏற்பாடு. மோட்டார் போடும் நேரத்தில் அந்த வீட்டில் மின்னழுத்தம் தாழ்ந்து எழும்.

அடாப்டர் கம்பியிலேயே ஒரு பிளாஸ்டிக் பட்டை கட்டினார்கள்: '9 வோல்ட், நடுமுனை நெகடிவ், இது மட்டும்'. இரண்டாம் மாதம் வீட்டில் யாரோ மறுபடி பிராட்பேண்ட் அடாப்டரைச் செருகினார்கள். டயோடு தடுத்தது, ஒன்றும் ஆகவில்லை.

ஐப்பசி மழைக்குப் பிறகு மூன்று விசைகள் தடுமாறின. நாடா செருகிய இடத்தில் ஈரம். ஆல்கஹால் தொட்ட மெல்லிய அட்டையால் சாக்கெட்டைத் துடைத்ததும் சரியானது. சிலிக்கா ஜெல் பச்சையாக மாறியும் யாரும் கவனிக்கவில்லை. இப்போது பெட்டியின் மூடி உட்புறம், மாற்றும் தேதி எழுதும் தாள் இருக்கிறது.

மறுபடி செய்தால்

நோட்டை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். கணினி வரும்போது கூடவே எழுத்து, நோட்டு, கேசட், ரசீது எது இருந்தாலும் கொண்டுவரச் சொல்வது இனி முதல் படி. நோட்டு முன்பே கையில் இருந்திருந்தால் உரிமை வரியில் ஒரு மணி நேரம் வீணாகியிருக்காது.

4116களைக் கால் வெட்டி எடுப்பது முதல் சில்லிலிருந்தே. சுவிட்சின் இரண்டு நிலைக்கும் வெளியே தெரியும்படி பெயர் ஒட்டியிருக்க வேண்டும். அதைப் பிறகுதான், கூட்டில் ஒட்டாமல் அடிப்பக்கத்தில் ஒரு தாளாக, செய்தார்கள். ஈப்ரோமின் 4.2 வோல்ட் படிப்பை ஓரிடத்தில் மட்டும் வைத்ததும் குறைதான். இப்போது மகனிடம் ஒன்று, பட்டறையில் ஒன்று, பெட்டிக்குள் ஒரு மெமரி கார்டில் ஒன்று, அதோடு 208 பைட்டும் எண்களாக அச்சிட்ட ஒரு தாள்.

ஏழாவது கேசட்டை வேறு ரெக்கார்டரில், இரண்டு தடத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்து மறுபடி படிக்கும் வேலை பாக்கி. அதுவரை நிரலில் 'நூல்' என்று வர வேண்டிய இடத்தில் முதல் எழுத்து இல்லாமல் 'ல்' மட்டும் வருகிறது.